கும்பிடுபூச்சிக்கு சாப்பாடு போட்ட கதை

முதல்லயே ஒரு பாவமன்னிப்பு. போன வருஷம் எங்க வீட்டுல ஒரு கும்பிடுபூச்சி வளர்த்தோம். அதை நான் கொன்னுட்டேன். பட்டினி போட்டு இல்லைங்க. சாப்பாடு போட்டு.

நடந்தது இதுதான். மாடித்தொட்டியில் இருக்கும் செம்பருத்திச் செடியிலிருந்து என் மகள் பிடித்துக்கொண்டு வந்தாள். விரல் நீளம்கூடக் கிடையாது, இறக்கை முளைக்காத குட்டி. காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, உள்ளே சாய்வாக ஒரு குச்சி, வாய்க்குக் கொசுவலைத் துண்டு, ரப்பர் பேண்டு. வீடு ரெடி. பெயர் 'பெருமாள்' (இதைப் பெருமாள் பூச்சின்னும் சொல்வாங்க இல்லையா, அதான்). பத்து நாள் பிரமாதமாகப் போச்சு. ஈயைப் பிடித்து உள்ளே விட்டால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் கையில் இருக்கும். மக்காச்சோளம் கடிக்கிற மாதிரி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிடும். சாப்பிட்டு முடித்ததும் பூனை மாதிரி கையை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். டி.வி.யை ஆஃப் பண்ணிட்டு குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம்.

பதினோராம் நாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஈ மூக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாலும் கண்டுகொள்ளவில்லை. ரெண்டு நாள் ஆச்சு, மூணு நாள் ஆச்சு. எனக்குப் பதற்றம். இடுக்கியில் ஒரு தத்துக்கிளியைப் பிடித்து முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். அது பின்னாலேயே போனது. "ஒரு வாய் வாங்கிக்கோ ராசா" ரேஞ்சுக்குக் கெஞ்சியாச்சு. கடைசியில், ராத்திரி பசித்தால் தானே சாப்பிடட்டும் என்று ஒரு சுவர்க்கோழியைப் பிடித்து பாட்டிலுக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

காலையில் பார்த்தால் பெருமாள் குச்சியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாதித் தோல் உரிந்த நிலையில். ஒரு பின்னங்காலைக் காணோம், வயிற்றில் ஒரு பக்கத்தையும் காணோம். சுவர்க்கோழி மட்டும் பாட்டிலின் அடியில் நல்ல தெம்பாக உலாத்திக்கொண்டிருந்தது.

கும்பிடுபூச்சி வளர வளரத் தோலுரிக்கும். அதற்குச் சில நாள் முன்னாலேயே சாப்பாட்டை நிறுத்திவிடும். அப்புறம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழைய தோலிலிருந்து வழுக்கி வெளியே வரும். அந்த நேரத்தில் உடம்பு பிஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. சுவர்க்கோழியோ கிடைத்ததைக் கொறிக்கிற ஜென்மம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது செத்த பிறகு.

மகள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அது வேணாம்னு மூணு நாளா சொல்லிச்சேப்பா?"

பதில் சொல்ல முடியலை. குற்ற உணர்ச்சி வந்தால் என்னை மாதிரி ஆளுங்க என்ன செய்வோம்? புத்தகத்தை எடுப்போம். கும்பிடுபூச்சியைப் பாட்டிலில் போட்டு சாப்பாடு கொடுத்தவர்கள் வேறு யார் யார் என்று தேட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட ஒரு விஷயம் உறைத்தது. கும்பிடுபூச்சியைப் பற்றி ஊர் உலகம் 'தெரிந்து' வைத்திருப்பதில் முக்கால்வாசி, யாரோ ஒருவர் பாட்டிலில் போட்டு சாப்பாடு கொடுத்துப் பார்த்து எழுதியது. புருஷனைத் தின்கிற பூச்சி என்ற கெட்ட பெயர் உட்பட. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

*

முதல் ஆள், நமக்கு முன்னூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னால், ஜெர்மனியில் நூரெம்பெர்க் ஊரில் இருந்தவர். பெயர் ஆகஸ்ட் யோஹான் ரோஸன்ஹோஃப் (1705-1759). தொழில் சின்னச் சின்ன ஓவியங்கள் வரைவது. பூச்சி மேல் பைத்தியம். புழுவிலிருந்து பூச்சி வரை தானே வளர்த்து, தானே வரைந்து, 1740களில் இருந்து பகுதி பகுதியாக வெளியிட்டவர்.

இவர் கும்பிடுபூச்சிக் குஞ்சுகளை ஒரு கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப் பார்த்தார். எறும்பைப் போட்டார். குஞ்சுகள் பூனையைப் பார்த்த எலி மாதிரி மிரண்டு ஓடின. அடுத்து வீட்டு ஈயைப் போட்டார். அதைப் பாய்ந்து பிடித்துத் தின்றன. அப்பாடா என்று பார்த்தால், ஈ தாராளமாக இருக்கும்போதே ஒன்றை ஒன்று அடித்துத் தின்னவும் செய்தன. கடைசியில் தனித்தனிக் குடுவையில் பிரித்துப் போட்டார். ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்து வைத்தால் அங்கேயும் சண்டை, ஒன்று சாகும்வரை.

எறும்புக்குப் பயம், ஈ பிடிக்கும், கூட்டமாக வைக்காதே. இன்றைக்கு யாராவது கும்பிடுபூச்சி வளர்க்கக் கேட்டால் சொல்லவேண்டிய முதல் மூணு பாடமும் அங்கேயே வந்துவிட்டது பாருங்கள். கூடவே, இது ஒரு கொலைகாரப் பூச்சி என்ற பெயரும் குடுவையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

*

அடுத்த சீன் அமெரிக்கா, 1886. லேலண்ட் ஹோவர்ட் என்று ஒரு பூச்சியியலாளர், அந்நாட்டு விவசாயத் துறையில் வேலை. அவருடைய நண்பர் ஒருவர் ஒரு பெண் கும்பிடுபூச்சியைச் செல்லப்பிராணியாக வளர்த்து வந்தார். (ஆக, நானும் மகளும் ஒண்ணும் முதல் ஆள் இல்லை.) ஹோவர்ட் ஒரு நாள் ஒரு ஆண் பூச்சியைக் கொண்டுபோய் அதே ஜாடியில் விட்டார். துணைக்கு ஆச்சே என்ற நல்லெண்ணம்தான்.

ஆண் தப்பிக்கப் பார்த்தது. ஜாடியில் எங்கே போகும்? சில நிமிஷத்தில் பிடிபட்டது. பெண் முதலில் அதன் முன்னங்காலைத் தின்றது, அப்புறம் ஒரு கண்ணை, அப்புறம் இன்னொரு முன்னங்காலை, அப்புறம் தலையையே. இதெல்லாம் நடக்கும்போதே அந்த ஆண் இணைசேர முயன்றுகொண்டிருந்தது, தலை போன பிறகு சேர்ந்தும்விட்டது. மறுநாள் பார்த்தால் இறக்கை மட்டும்தான் மிச்சம். ஹோவர்ட் இதை 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு கடிதமாக எழுதினார்.

தலையில்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு விடை 1935இல் கென்னத் ரோடர் என்பவர் செய்த ஆராய்ச்சியில் கிடைத்தது. இணைசேரும் அசைவுகளை இயக்குவது வயிற்றுப் பகுதியில் இருக்கும் நரம்பு முடிச்சு. அதைப் பிடித்து அடக்கி வைக்கிற வேலை தலைக்குள் இருக்கும் நரம்பு முடிச்சுக்கு. தலை போனால் பிரேக் போச்சு, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அது கிடக்கட்டும். பெருமாளைப் பறிகொடுத்துவிட்டு இந்தக் கதையைப் படித்த எனக்கு வேறு ரெண்டு கேள்விதான் வந்தது. ஒன்று, அந்த வளர்ப்புப் பூச்சி கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தது? ரெண்டு, ஜாடி எவ்வளவு பெரிசு?

*

இப்போது ஹீரோ. பிரான்ஸின் தெற்கே, ப்ரோவென்ஸ் பகுதியில் செரிஞான் என்ற சின்ன ஊர். 1879இல் அங்கே ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஐம்பத்தைந்து வயதில் ஒரு வீடும், ஒன்றும் விளையாத கல்லாங்குத்துக் காடும் வாங்கினார். பெயர் ழான் ஆன்றி ஃபாப்ர். அந்த மாதிரித் தரிசு நிலத்துக்கு அந்த ஊர்ப் பேச்சில் 'ஹர்மாஸ்' என்று பெயர். ஊரார் பார்வையில் ஒன்றுக்கும் உதவாத இடம். ஃபாப்ருக்கோ அது சொர்க்கம், ஏனென்றால் முள்ளும் காட்டுப்பூவுமாக இருந்ததால் பூச்சி கொட்டிக் கிடந்தது. பத்துத் தொகுதிகளாக அவர் எழுதிய பூச்சி நினைவுகளில் கும்பிடுபூச்சி வருவது ஐந்தாவது தொகுதியில், 1897.

அந்த ஊர் மக்களும் நம்மைப் போலவேதான். அவர்கள் பேச்சில் கும்பிடுபூச்சியின் பெயருக்குக் 'கடவுளைக் கும்பிடுவது' என்றே பொருள். கிரேக்கத்தில் 'மான்டிஸ்' என்றால் குறிசொல்பவர். லின்னேயஸ் 1758இல் பெயர் சூட்டும்போது 'பக்திமான்' என்று பொருள்படும் 'ரெலிஜியோஸா'வைச் சேர்த்தார். எங்கே பார்த்தாலும் சாமியார் பட்டம்தான். ஃபாப்ர் அந்தச் சாமியார் வேஷத்தைக் கலைக்கிறேன் என்று கிளம்பினார்.

அவர் வளர்த்த முறையைப் படித்தபோது எனக்கு சிரிப்பு வந்தது. நம்ம வீட்டுச் சமையலறையில் ஈ மொய்க்காமல் சாப்பாட்டை மூடி வைக்கக் கவிழ்க்கிற கம்பிவலை மூடி இருக்குமே, கிட்டத்தட்ட அதேதான். மண் நிரப்பிய சட்டி, நடுவில் காய்ந்த செடிக் கொத்து, முட்டையிட ஒரு தட்டைக் கல், மேலே கம்பிவலைக் கூண்டு. மேஜையில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வரிசையாக வைத்தார்.

சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. தினமும் புது வெட்டுக்கிளி வேண்டும், உயிரோடு வேண்டும். அதுவும் இந்த அம்மணிகள் பாதியைக் கடித்துவிட்டு மீதியை வீசி எறிகிற பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஃபாப்ர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பொடிசுகளைப் பிடித்தார். காலையும் மாலையும் புல்வெளிக்குப் போய் நாணல் குழாயில் வெட்டுக்கிளி நிரப்பிக் கொண்டுவர வேண்டும். கூலி, ஒரு ரொட்டித் துண்டு, ஒரு கீற்று முலாம்பழம்! நோபல் கமிட்டி வரை பேசப்பட்ட ஆராய்ச்சிக்குப் பட்ஜெட் அவ்வளவுதான்.

பொடிசுகள் கொண்டுவருவது அன்றாடச் சாப்பாடு. விருந்துச் சாப்பாட்டுக்கு ஃபாப்ரே வலையோடு போவார். தன் பூச்சி எவ்வளவு பெரிய இரையை அடிக்கும் என்று பார்க்க ஆசை. அதைவிடப் பெரிய சாம்பல்நிற வெட்டுக்கிளியை உள்ளே விட்டார். கும்பிடுபூச்சி சட்டென்று இறக்கையை விரித்து, வயிற்றைச் சுருட்டி, பாம்பு மாதிரி சீறியது. அதைப் பார்த்த வெட்டுக்கிளி தாவி ஓடாமல் அப்படியே மரத்துப்போய் நின்றது, சில சமயம் தானே கிட்டே நகர்ந்தும் வந்தது. பிடித்ததும் முதல் கடி பிடரியில். அங்கே நரம்பு போனால் உதைக்கிற காலுக்கு பலம் போய்விடும். எழுத்தில் ஒரு சினிமாவே ஓட்டிக் காட்டுவார் மனுஷன்.

அப்புறம் கல்யாணக் கதை. ஆணை உள்ளே விட்டார், இணைசேர்ந்த பிறகு பெண் அதைத் தின்றது. இன்னொரு ஆணை விட்டார், அதுவும் போச்சு. ரெண்டு வாரத்தில் ஒரே பெண் ஏழு ஆண்களைத் தீர்த்துக்கட்டியது. ஃபாப்ர் நேர்மையான ஆள். 'பசியால் இருக்குமோ' என்ற கேள்வியைத் தானே எழுப்பி, இல்லை, நான் வயிறாரப் போடுகிறேன் என்று தானே பதிலும் சொல்கிறார். கூண்டும் விசாலம், வெயிலும் உண்டு, ஏக்கமும் இல்லை, அதனால் இங்கே செய்வதைத்தான் வெளியிலும் செய்யும் என்று முடிவுக்கு வந்தார். கரிக்காடுகள் இருந்த ஆதிகாலத்திலிருந்து மிச்சமிருக்கும் கொடூரம் இது என்பது அவர் கருத்து.

அவர் எழுதிய விதத்துக்கு அந்த ஏழு புருஷன் கதை உலகம் முழுக்கப் பரவியது. பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏழு ஆணையும் கூண்டுக்குள் விட்டது யார்? ஃபாப்ர்தான். சுவர்க்கோழியை பாட்டிலுக்குள் விட்டது யார்? சரி, அதைச் சொல்ல வேண்டாம்.

*

ஆனால் அதே ஃபாப்ர், அதே தொகுதியில், தான் தோற்ற கதையையும் எழுதியிருக்கிறார். எனக்கு ஏழு புருஷன் கதையைவிட இதுதான் மனசில் நின்றது.

கும்பிடுபூச்சி நுரை மாதிரி ஒன்றைப் பீய்ச்சி, அதற்குள் முட்டையிடும். காய்ந்ததும் அது கெட்டியான கூடாகிவிடும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். அத்தனையும் கொசு அளவுதான். வெளியே வந்ததுமே எறும்பு காத்திருக்கும், பல்லி காத்திருக்கும். அதிலிருந்து காப்பாற்றித் தானே வளர்க்கலாம் என்று ஃபாப்ர் முயன்றார்.

ரோஜாச் செடியில் இருக்கும் கொழுத்த அசுவினிப் பூச்சியைக் கொடுத்தார். தொடவில்லை. புல்லில் வலைவீசிப் பிடித்த பொடிக்கொசுக்களைக் கொடுத்தார். வேண்டாம். ஈயைத் துண்டு துண்டாக்கி வலையில் அங்கங்கே மாட்டி வைத்தார். வேண்டாம். அப்போதுதான் பொரித்த வெட்டுக்கிளிக் குஞ்சை விட்டால், பிடிப்பதற்குப் பதில் இவை பயந்து ஒதுங்கின. அசைவம்தான் வேண்டாமோ, சின்ன வயசில் சைவமோ என்று சந்தேகம் வந்து, கீரையின் நடுக்குருத்தைக் கொடுத்தார். தேன் துளி வைத்தார். எதுவும் நடக்கவில்லை. அத்தனையும் பட்டினியில் செத்தன.

அவர் அதை மறைக்கவில்லை. நான் கண்டுபிடிக்காத ஏதோ ஒரு முதல் உணவு இருக்கிறது என்று எழுதிவைத்தார். முன்பு ஒரு வகை வண்டுக் குஞ்சுகளிடமும் அவர் இதே மாதிரி அல்லாடியிருக்கிறார். தேனீக் கூட்டுத் தேனைத் தின்று வளரும் அந்தக் குஞ்சுக்கு முதல் சாப்பாடு தேன் இல்லை, தேனீயின் முட்டை என்று பிறகுதான் தெரிந்தது. அதே மாதிரி இதற்கும் ஏதோ ஒன்று இருக்கும் என்பது அவர் ஊகம்.

இதற்கு விடை ரெண்டு இடத்திலிருந்து வந்தது. ரெண்டும் அவர் காலத்துக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தவை.

முதல் விடை, கும்பிடுபூச்சிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். தாமஸ் ஹண்ட் மார்கனும் அவர் மாணவர்களும் பால் பாட்டில்களில் அழுகின வாழைப்பழத்தைப் போட்டு, பழத்தில் மொய்க்கும் பொடி ஈயை லட்சக்கணக்கில் வளர்த்தார்கள். 1910இல் அங்கேதான் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண் ஈ ஒன்று கிடைத்து, மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதற்குச் சான்றானது. 1933இல் மார்கனுக்கு நோபல் பரிசு. அந்த பாட்டில்களில் இறக்கை சுருங்கிப் பறக்கமுடியாமல் போன ஈக்களும் பிறந்தன. பரம்பரை பரம்பரையாக அப்படியே பிறக்கிற ஈ! இன்றைக்கு வெளிநாடுகளில் கும்பிடுபூச்சிக் குஞ்சு வளர்ப்பவர்கள் முதல் உணவாக வாங்குவது பறக்கமுடியாத இந்தப் பழ ஈ வகைகளைத்தான். குஞ்சுக்கு ஏற்ற அளவு, மெத்தென்ற உடம்பு, ஓயாமல் நடக்கும், ஆனால் பறந்து போகாது. பரம்பரை ரகசியத்தைத் தேடி வளர்த்த ஈ, கும்பிடுபூச்சிக்கு இட்லி ஆனது.

ரெண்டாவது விடைதான் எனக்கு சிலிர்த்தது. 2003இல் பெக்மன், ஹர்ட் என்ற ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சீனக் கும்பிடுபூச்சியின் குஞ்சுகள் மகரந்தத்தைத் தின்கின்றன என்று காட்டினார்கள். பிடிக்கப் பூச்சி இல்லாத நேரத்தில் மகரந்தம் அவற்றைப் பட்டினியிலிருந்து காப்பாற்றும். கீரைக் குருத்தையும் தேனையும் வைத்துப் பார்த்தாரே பெரியவர், சைவமோ என்று சந்தேகப்பட்டாரே, பூ வரைக்கும் வந்தவர் மகரந்தத்தை மட்டும் விட்டுவிட்டார். வேறு வகைப் பூச்சிதான், நூறு வருஷம் தாண்டித்தான், ஆனாலும் அவர் சந்தேகம் வீண் இல்லை.

*

ஈயைத் துண்டாக்கி வைத்தும் தொடவில்லை என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. கும்பிடுபூச்சிக்குச் சாப்பாடு என்றால் அசைவது. அசையாதது சாப்பாடே இல்லை, எவ்வளவு கிட்டே வைத்தாலும்.

இதன் கண்ணைப் பற்றி 1983இல் சாமுவேல் ராசெல் என்பவர் ஓர் அழகான சோதனை செய்தார். பூச்சியின் கண்ணுக்கு முன்னால் ஒளியை வளைக்கும் பட்டகக் கண்ணாடிகளை வைத்தார். இரை நிஜமாக இருந்த தூரத்தை விட்டுவிட்டு, கண்ணாடி காட்டிய பொய்யான தூரத்துக்கு அது கையை வீசியது. அதாவது நம்மைப் போலவே ரெண்டு கண்ணையும் சேர்த்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. பூச்சி இனத்தில் அப்படி ஒன்று இருப்பது அப்போதுதான் உறுதியானது.

இங்கிலாந்தில் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட், விவேக் நித்யானந்தா குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். பச்சை, நீலக் கண்ணாடி வில்லைகளைத் தேன்மெழுகால் ஒட்டி கும்பிடுபூச்சிக்கு த்ரீ-டி கண்ணாடி மாட்டி சினிமா காட்டினார்கள். (நிஜமாத்தான்! படம் பார்த்தால் சிரிப்பு அடங்காது.) திரையில் இருக்கும் பொய்ப் பூச்சி முன்னால் மிதப்பதுபோல் தெரிந்ததும் கையை வீசியது. அது 2016இல். 2018இல் அதே குழு, இந்தப் பூச்சி ரெண்டு கண்ணிலும் தெரியும் உருவத்தை ஒப்பிடுவதில்லை, எங்கே மாற்றம் நடக்கிறது, எங்கே அசைகிறது என்பதைத்தான் ஒப்பிடுகிறது என்று காட்டியது.

ஆக, இடுக்கியில் பிடித்து ஆட்டியது சரிதான். ஆட்டியும் வேண்டாம் என்றால் அதற்கு அர்த்தம் வேறு. அதுதான் எனக்குத் தெரியவில்லை.

*

இப்போது அந்த ரெண்டு கேள்விக்கு வருவோம். எப்போது சாப்பிட்டது, இடம் எவ்வளவு?

கலிஃபோர்னியாவில் எக்கஹார்ட் லிஸ்கே, ஜாக்சன் டேவிஸ் என்ற ரெண்டு பேர் 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீனக் கும்பிடுபூச்சிகளுக்கு வயிறு நிறைய சாப்பாடு போட்டு, ஆள் யாரும் பக்கத்தில் நின்று தொந்தரவு செய்யாமல், கேமராவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆணும் கொல்லப்படவில்லை. அதைவிட, இதுவரை பெரிதாக யாரும் கவனிக்காத ஒன்று கேமராவில் பதிவானது. ஆணும் பெண்ணும் முறையாக ஒரு காதல் நடனம் ஆடின. ஜாடிக்குள் தப்பித்து ஓடிக்கொண்டிருந்தால் நடனம் ஆட நேரம் ஏது?

உடனே 'ஃபாப்ர் பொய் சொன்னார்' என்று கிளம்பிவிடக் கூடாது. 1992இல் லாரன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் போர்ச்சுகலில் வெட்டவெளியில், ஃபாப்ர் வளர்த்த அதே இனத்தைப் பார்த்தார். இயற்கையில் நடந்த இணைசேர்க்கைகளில் 31 சதவீதம் ஆணின் சாவில் முடிந்தது. நூற்றில் முப்பத்தொன்று குறைவு இல்லை. ஆனால் மீதி அறுபத்தொன்பது ஆண்கள் பிழைத்துப் போயிருக்கின்றன. அந்த அறுபத்தொன்பதைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை.

ஆஸ்திரேலியாவில் கேதரின் பேரி குழுவினர் 2008இல் அந்த ஊர் இனம் ஒன்றில் கண்டது, சரியான சாப்பாடு கிடைக்காமல் மெலிந்த பெண்கள்தான் ஆணைத் தின்பது அதிகம், தின்ற பெண்களுக்கு உடம்பு தேறி முட்டையும் கூடியது. 2016இல் பிரௌனும் பேரியும் அடையாளம் போட்ட புரதக்கூறுகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். தின்னப்பட்ட ஆணின் உடம்பு அந்த முட்டைகளுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆக, ஆதிகாலக் கொடூரம் என்று ஃபாப்ர் நினைத்ததில் பெரும்பங்கு சாப்பாட்டுக் கணக்கு. அவர் வயிறாரப் போட்டது உண்மைதான். ஆனால் கூண்டுக்குள் தப்பிக்க வழியில்லாத ஆணை ஒன்றன்பின் ஒன்றாக விட்டதும் உண்மை. வெளியில் ஒரு பெண்ணுக்கு ரெண்டு வாரத்தில் ஏழு ஆண்களை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குஞ்சுகள் செத்ததைப் பற்றி எழுதும்போது 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதத் தெரிந்தவர் அவர். சாப்பிடாத குஞ்சைப் பார்த்து, தப்பு என் பக்கம் என்று நினைத்தார். சாப்பிட்ட அம்மாவைப் பார்த்து, தப்பு அதன் பக்கம் என்று நினைத்துவிட்டார். நான் ரெண்டாவதைச் செய்யவில்லை, முதலாவதையும் செய்யவில்லை. பெருமாள் சாப்பிடாததை அதன் அடம் என்று நினைத்தேன்.

*

இந்த வருஷம் மழைக்குப் பிறகு மகள் இன்னொன்று பிடித்து வந்தாள். எனக்குப் பயம், வேண்டாம் என்றேன். "நான் பார்த்துக்கறேன்ப்பா" என்றாள். சாப்பாட்டு இலாகா இப்போது அவளிடம்தான். ஒரு நோட்டில் தேதி போட்டு என்ன சாப்பிட்டது என்று எழுதி வைக்கிறாள். பெயர் வைக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன வாரம் அந்த நோட்டில் ரெண்டு நாள் 'வேண்டாம்' என்று இருந்தது. மூணாம் நாள் சாயங்காலம் பாட்டிலுக்குள் மிச்சமிருந்த ஈயை அவளே வெளியே விட்டுவிட்டு, வலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, பாட்டிலை அசைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் உத்தரவு போட்டாள். என் அம்மா "பாவம்டி, பசிக்காதா அதுக்கு?" என்றதற்கு, "பசிச்சா சொல்லும் பாட்டி" என்றாள்.

காலையில் குச்சியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. மெல்லிசாக, மீசை வரைக்கும் முழுசாக. பக்கத்திலேயே வெளிறிய பச்சையில் புது ஆள், முன்பைவிட நீளமாக. அன்றைக்கு முழுக்க சாப்பாடு போடவில்லை. மறுநாள் ஒரு ஈ. தலையைத் திருப்பிப் பார்த்தது, கொஞ்சம் ஆடியது, அப்புறம் வழக்கம்போல கண்ணை மூடித் திறப்பதற்குள்.

நோட்டில் எழுதியிருந்தாள்: 'ஈ 1. முழுசும்.'

பி.கு: வளர்க்கிறவங்களுக்கு நாலு வரி. இரை அதன் உடம்பில் பாதி அளவுக்கு மேல் வேண்டாம். அசைய வேண்டும். சாப்பிடவில்லை என்றால் உயிருள்ள எதையும் உள்ளே விட்டு வைக்காதீர்கள், முக்கியமாக சுவர்க்கோழி. தோலுரிக்கத் தொங்குவதற்கு அதன் நீளத்தைப்போல மூணு மடங்காவது உயரம் வேண்டும். பொரித்த குஞ்சு முதல் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இதற்கு மேல் தெரிந்தவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.